கரைச் சொற்களுக்கு ஒரு திரை: இணைப்புத் தரவுத் தளத்துக்கு இடைமுகம் கட்டும் முழு வழிகாட்டி

பாம்பன் படகுத்துறையில் ஒரு விடியற்காலை. தூத்துக்குடியிலிருந்து மீன் வாங்க வந்திருந்த வியாபாரி ஒருவரிடம் எங்கள் தளத்தைக் கைப்பேசியில் திறந்து கொடுத்தோம். ராமநாதபுரம் கடலோரத்து மீன், பாசி, தீவு, வலை ஆகியவற்றின் பெயர்களைத் திரட்டி நானும் இரண்டு நண்பர்களும் மண்டபத்தில் உட்கார்ந்து கட்டிய தளம் அது. அவர் 'சீலா' என்று தட்டினார். கூர்மையான மூக்கும் பல்வரிசையுமாக ஒரு மீனின் படம் வந்தது.

"இது ஊளி, தம்பி. சீலா எங்கே?" என்றார்.

தவறு எங்களுடையது. சென்னை அங்காடியில் சீலா என்றால் பரகுடா, அதாவது அவர் சொன்ன ஊளி. தூத்துக்குடிப் பக்கம் சீலா என்றால் வஞ்சிரம். நாங்கள் சொல்லையும் மீனையும் ஒன்றாக ஒட்டிப் பதிந்திருந்தோம். திரையில் எத்தனை அழகாக வண்ணம் பூசினாலும் அந்த ஒட்டு விடாது. அன்று முதல் நாங்கள் வேலை செய்த வரிசையே மாறியது: முதலில் பெயர்கள், பிறகு தரவு, கடைசியில் திரை. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது. வலைத்தளம் கட்டுவதில் ஓரளவு பழக்கமும் ஜாவாஸ்கிரிப்டில் அடிப்படை அறிவும் உள்ளவர்களுக்கு இது போதும்.

இணைப்புத் தரவு, சுருக்கமாக

உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2006-ல் இணைப்புத் தரவுக்கு நான்கு விதிகளை எழுதிவைத்தார். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இணைய அடையாளம் கொடு. அந்த அடையாளம் உலாவியில் திறக்கக்கூடிய முகவரியாக இருக்கட்டும். திறந்தால் பயனுள்ள தகவல் கிடைக்கட்டும். அங்கிருந்து மற்றப் பொருள்களுக்கு இணைப்புப் போகட்டும். அவ்வளவுதான். தகவலை எழுதும் முறைக்கு ஆர்டிஎஃப் என்று பெயர். எல்லாமே மூன்று உறுப்புள்ள சிறு கூற்றுகள்: 'குருசடைத் தீவு — அமைந்திருப்பது — மன்னார் வளைகுடா'. இதை மும்மை என்போம். மும்மைகளிடம் கேள்வி கேட்கும் மொழி ஸ்பார்க்கிள். அதன் இப்போதைய பதிப்பான 1.1, 2013-ல் தரமாக அறிவிக்கப்பட்டது. ஸ்பார்க்கிள் வினவலில் மாறிகளின் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். '?மீன்', '?ஊர்' என்று எழுதினால் இயங்கும். கற்றுக்கொடுக்கும்போது இது பெரிய உதவி.

முதல் படி: கேள்விகளைக் கரையிலிருந்து எடுங்கள்

கணினியைத் திறக்காதீர்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். யார் இந்தத் தளத்தைப் பார்ப்பார்கள், என்ன கேட்பார்கள் என்று எழுதுங்கள். எங்கள் நோட்டில் இருந்தவற்றில் சில:

சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் அக்காமார் 'மரிக்கொழுந்து' என்று சொல்லும் பாசிக்கு அறிவியல் பெயர் என்ன?
தொண்டியிலும் கீழக்கரையிலும் ஒரே மீனுக்கு வேறு பெயர் உண்டா?
பெண்கடலில் மட்டும் கேட்கும் சொற்கள் எவை? ஆண்கடலில் மட்டும் கேட்பவை எவை?
1964 புயலுக்கு முன் தனுஷ்கோடியில் வழங்கிய இடப்பெயர்களில் இன்றும் நினைவில் நிற்பவை எவை?

மூன்றாவது கேள்வியைப் பாருங்கள். ராமேஸ்வரத்தில் வடபுறத்து பாக் நீரிணையை அமைதியானது என்பதால் பெண்கடல் என்பார்கள். தென்புறத்து மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். வெளியூரில் உட்கார்ந்து தளம் வடிவமைப்பவருக்கு இந்த வடிகட்டி தோன்றவே தோன்றாது. எங்கள் தளத்தில் அதிகம் சொடுக்கப்படும் வடிகட்டி அதுதான்.

ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் விடை எந்த உருவில் வர வேண்டும் என்று குறியுங்கள்: பட்டியலா, வரைபடமா, காலக்கோடா, ஒற்றை விடையா. இருபது கேள்வி சேர்ந்ததும் அவை தாமாகவே மூன்று நான்கு குழுக்களாகப் பிரியும். அந்தக் குழுக்கள்தான் பின்னால் தளத்தின் நுழைவாயில்கள்.

இரண்டாம் படி: பெயரைப் பொருளிலிருந்து பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நீங்கள் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சொற்களஞ்சியங்களுக்கான ஸ்கோஸ் என்ற தரம் 2009-ல் வந்தது. அதில் ஒரு பொருளுக்கு மொழிக்கு ஒன்றாக முதன்மைப் பெயரும், எத்தனை வேண்டுமானாலும் மாற்றுப் பெயர்களும் கொடுக்கலாம். ஊர்ப்பெயர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். ராமேஸ்வரம், ராமேசுவரம், இராமேசுவரம், இராமேஸ்வரம் என்று நான்கையும் ஒரே அடையாளத்தின் கீழ் வைத்துவிடலாம். ராமநாதபுரத்துக்கு 'முகவை', 'ராம்நாடு' இரண்டையும் சேர்க்கலாம். எப்படித் தட்டினாலும் ஒரே ஊர் கிடைக்கும்.

மீன்பெயருக்கு இது போதாது. 'சீலா' என்ற பெயரை இரண்டு மீன்களுக்கும் மாற்றுப் பெயராகக் கொடுத்தால், எந்த ஊரில் எது என்ற செய்தி தொலைந்துபோகும். தீர்வு ஒன்றுதான்: பெயரையே ஒரு பொருளாக்குங்கள். அதற்கும் தனி அடையாளம் கொடுங்கள். ஸ்கோஸ்-எக்ஸ்எல் என்ற நீட்சி இதற்காகவே இருக்கிறது. எங்கள் தரவில் ஒரு பெயர்ப் பதிவு இப்படி இருக்கிறது:

பெயர்ப் பதிவு — எழுத்து வடிவம் — சீலா
பெயர்ப் பதிவு — குறிப்பது — ஸ்கோம்பரோமோரஸ் காமர்சன்
பெயர்ப் பதிவு — வழங்கும் பகுதி — தூத்துக்குடி
பெயர்ப் பதிவு — ஒலிப்பதிவு — கோப்பின் முகவரி

இதே எழுத்து வடிவத்தோடு இன்னொரு பதிவு ஸ்ஃபைரீனா என்ற பேரினத்தையும் சென்னையையும் சுட்டும். மீன் ஒன்று, பெயர் ஒன்று, ஊர் ஒன்று என மூன்றும் தனித்தனி. இவற்றை இணைப்பதுதான் பதிவு.

இடங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டபோது அதில் 21 தீவுகள் கணக்கிடப்பட்டன. அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். இல்லாத தீவைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடக் கூடாது. அந்தப் பெயரைச் சொல்லும் மக்கள் இருக்கிறார்கள். தீவுக்கு 'நிலை' என்று ஓர் உறவு கொடுத்து, மூழ்கியது என்று எழுதுங்கள். தனுஷ்கோடிக்கும் அப்படியே. 1964 டிசம்பர் 22-23 இரவுப் புயலை ஒரு நிகழ்வாகத் தனியே பதிந்து, இடங்களை அதனோடு இணைத்தோம். பெரியவர்கள் ஆண்டைச் சொல்ல மாட்டார்கள். 'புயலுக்கு முந்தி', 'புயலுக்குப் பிறகு' என்றே சொல்வார்கள். நிகழ்வு தனியாக இருந்தால் அந்தப் பேச்சை அப்படியே வடிகட்டியாக மாற்ற முடிகிறது.

வெளி அடையாளங்களோடு இணைப்பதையும் இங்கேயே முடித்துவிடுங்கள். ஓப்பன்ரிஃபைன் என்ற கட்டற்ற மென்பொருளில் உங்கள் விரிதாளை ஏற்றினால், விக்கிப்பீடியாவின் சகோதரத் தரவுத்தளமான விக்கித்தரவோடு ஒப்பிட்டுப் பொருத்தமான அடையாளங்களைக் காட்டும். ஆவுளியா என்று இங்கே சொல்லும் கடற்பசுவுக்குத் தமிழ்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். டூகாங் டூகான் என்ற அறிவியல் பெயரை வைத்துத் தேடுங்கள். தானாகக் கிடைக்கும் பொருத்தங்களை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம், ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். மீனுக்கு உலகக் கடலுயிரிகள் பதிவேட்டின் எண்ணையும் சேர்த்துவிட்டால் வேறு எந்தத் தரவோடும் உங்கள் தரவு கைகோக்கும்.

மூன்றாம் படி: மும்மைக் கிடங்கு

மும்மைகளைச் சேமித்து, வினவல்களுக்கு விடை தரும் மென்பொருள்தான் மும்மைக் கிடங்கு. இங்கே அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. அப்பாச்சி ஜீனா திட்டத்தின் ஃபுசெக்கி, சிறிய குழுக்களுக்குப் போதும். ஜாவா இருந்தால் ஓடும், இலவசம். விர்ச்சுவோசோ, கிராஃப்டிபி ஆகியவையும் நல்லவை. மூன்று எச்சரிக்கைகள் மட்டும்.

ஒன்று, தரவை மாற்றும் வழியை வெளியுலகுக்குத் திறக்காதீர்கள். படிக்கும் வழி மட்டும் பொதுவில் இருக்கட்டும். இரண்டு, ஒரு வினவல் எத்தனை நொடி ஓடலாம் என்று வரம்பு வையுங்கள். இல்லையேல் யாரோ எழுதும் ஒரு முரட்டு வினவல் முழுச் சர்வரையும் முடக்கிவிடும். மூன்று, ஃபுசெக்கியோடு வரும் சொல்தேடல் குறியீட்டை முதலிலேயே இயக்குங்கள். அது லூசீன் தேடுபொறியை அடியில் வைத்து ஓடுகிறது. எழுத்துச் சரத்துக்குள் தேடும் சாதாரண ஸ்பார்க்கிள் வடிகட்டி ஆயிரம் பதிவுகளில் ஓடும். லட்சம் பதிவுகளில் திணறும்.

நான்காம் படி: ஃபிரேம்வொர்க் தேர்வு

இதைப் பலர் முதல் படியாக வைக்கிறார்கள். கேள்விகளும் தரவின் வடிவமும் கையில் இருந்தால் தேர்வு பாதி முடிந்துவிடுகிறது. என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

உங்களிடம் இருப்பது வெறும் சொற்களஞ்சியம் என்றால், அதாவது பெயர்கள், அவற்றின் மேல்வகை கீழ்வகை, மொழிபெயர்ப்பு மட்டும் என்றால், ஸ்காஸ்மாஸ் போதும். ஃபின்லாந்தின் தேசிய நூலகம் உருவாக்கியது. ஸ்கோஸ் வடிவத் தரவைச் சுட்டினால், உலாவும் வசதியோடு தளம் கிடைத்துவிடும். புகைப்படங்களும் ஆவணங்களும் நிறைய, கணினித் தெரிந்தவர் குழுவில் குறைவு என்றால் ஓமேக்கா எஸ். பல ஊரிலிருந்து பலர் ஒரே நேரத்தில் திருத்த வேண்டும் என்றால் விக்கிபேஸ். விக்கித்தரவு ஓடுவது அதில்தான். அருங்காட்சியகப் பொருள்களின் சிக்கலான வரலாற்றை ஆய்வாளர்கள் குறிப்பெழுதி வாதாடும் தளம் வேண்டும் என்றால், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவான ரிசர்ச்ஸ்பேஸ். பயனர் தாமே கேள்வியைத் துண்டு துண்டாக அடுக்கிக் கேட்க வேண்டும் என்றால் ஸ்பார்நேச்சுரல். இதை வேறு எந்தப் பக்கத்துக்குள்ளும் பதித்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு வேண்டியது, வடிகட்டிகளை மாற்ற மாற்ற ஒரே விடையைப் பட்டியலாகவும் வரைபடமாகவும் விளக்கப்படமாகவும் பார்க்கும் தளம். அதற்குச் சாம்போ-யுஐ பொருந்தியது. ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகமும் ஹெல்சிங்கி பல்கலைக்கழகமும் சேர்ந்த சொற்பொருள் கணினி ஆய்வுக்குழுவின் ஆக்கம். அந்த நாட்டுப் பழங்கதையில் வரும், வேண்டியதை எல்லாம் அரைத்துக் கொடுக்கும் மாயத் திரிகைக்குச் சாம்போ என்று பெயர். அக்குழு 2015-ல் இரண்டாம் உலகப்போர் காலத்து ஃபின்லாந்து பற்றிய வார்சாம்போ தளத்தை வெளியிட்டது. 2019-ல் வந்த நேம்சாம்போ 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இடப்பெயர்ப் பதிவுகளைத் தேடவைக்கிறது. ஒரு நாட்டின் ஊர்ப்பெயர்களை, குளத்தின் பெயர் மேட்டின் பெயர் வரை, இப்படித் திரட்டி எவரும் பார்க்கத் திறந்துவைத்திருப்பதைக் கண்டபோதுதான் நம் கரைக்கும் இது வேண்டும் என்ற எண்ணமே எனக்குப் பிறந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அதே குழு முன்னர் உருவாக்கிய வடிகட்டிக் கருவி ஆங்குலர்ஜேஎஸ் மீது நின்றது. ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்தது. அவர்களுடைய தரவு அப்படியே இருக்க, இடைமுகம் மட்டும் புதிய அடித்தளத்துக்கு மாறியது. எந்த ஃபிரேம்வொர்க்கை எடுத்தாலும் அது ஒருநாள் பழையதாகும் என்பதை ஏற்றுக்கொண்டே எடுங்கள். உங்கள் தர்க்கம் தரவிலும் வினவலிலும் இருக்கட்டும், திரைக்கான நிரலில் இருக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: சாம்போ-யுஐயில் கட்டுதல்

சாம்போ-யுஐ இரண்டு பகுதிகள் கொண்டது. உலாவியில் ஓடுவது ரியாக்ட், ரிடக்ஸ். சர்வரில் ஓடுவது நோட், எக்ஸ்பிரஸ். கிட்ஹப்பிலிருந்து நகல் எடுத்து, நோட் தொகுப்புகளை நிறுவி, வளர்ச்சி நிலைக் கட்டளையை ஓட்டினால் மாதிரித் தளம் உங்கள் கணினியிலேயே எழும். எம்ஐடி உரிமம் என்பதால் தாராளமாக மாற்றலாம்.

முதலில் நுழைவாயில்கள். இதைப் 'பார்வைகள்' என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். ஒவ்வொரு பார்வையும் தரவிலுள்ள ஒரு வகைப் பொருளைப் பற்றியது. எங்களுக்கு மூன்று: பெயர்கள், உயிரினங்கள், இடங்கள். நோட்டில் கேள்விகள் பிரிந்த குழுக்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், அவையேதான் இவை. ஒவ்வொரு பார்வைக்கும் ஒரு ஜேசான் அமைவுக் கோப்பு. அதில் எந்த வினவல் முனை (கிடங்கு வினவல்களை வாங்கும் முகவரி), எந்த வகை, என்னென்ன வடிகட்டிகள், விடையை எந்தெந்தத் தாவல்களில் காட்டுவது, பட்டியலில் என்னென்ன நெடுவரிசை என்று எழுதுகிறோம். புதிதாக நிரல் எழுதாமல் இந்தக் கோப்புகளிலேயே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து வடிகட்டிகள். வெறும் பட்டியல், படிநிலை, சொல்தேடல், காலஅளவு என்று பல வகை உண்டு. ஊருக்குப் படிநிலையைக் கொடுங்கள்: மாவட்டம், தாலுகா, ஊர். கடலுக்குப் பட்டியல் போதும். ஒவ்வொரு மதிப்பின் பக்கத்திலும் எத்தனை விடை என்ற எண் வரும். அந்த எண் மிகவும் முக்கியம். சுழியம் என்று தெரியும் இடத்தில் யாரும் சொடுக்கி ஏமாற மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு சொடுக்குக்கும் சர்வர் அந்த எண்களைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். ஆகவே எல்லா வடிகட்டியையும் திறந்து வைக்காதீர்கள். இரண்டைத் திறந்து, மற்றவற்றை மூடி வையுங்கள். பயனர் திறக்கும்போது கணக்கிட்டால் போதும்.

பிறகு வினவல்கள். இதுதான் கற்க வேண்டிய இடம். வார்ப்புரு வினவலுக்குள் 'இங்கே வடிகட்டி' என்று ஓர் இடப்பிடிப்பான் இருக்கும். பயனர் பெண்கடல் என்று தேர்ந்தெடுத்தால் அதற்குரிய மும்மைத் துணுக்கு அந்த இடத்தில் போய் உட்காரும். முதலில் பொருந்தும் பொருள்களின் அடையாளங்கள் மட்டும் பக்கம் பக்கமாக எடுக்கப்படும். பிறகு அந்தப் பக்கத்தில் உள்ளவற்றுக்கு மட்டும் பெயர், படம் முதலிய விவரங்கள் எடுக்கப்படும். பெரிய தரவும் வேகமாக ஓடுவதற்கு இந்த இரண்டு கட்ட முறைதான் காரணம்.

விவர வினவலில் மாறிகளின் பெயருக்கு ஒரு மரபு இருக்கிறது. ஒரு மாறியின் பெயரில் இரட்டை அடிக்கோடு வந்தால், அதற்கு முன்னால் இருப்பது பண்பு, பின்னால் இருப்பது அந்தப் பண்பின் கூறு. ஊர் என்ற பண்புக்கு மூன்று கூறு கொடுப்போம்: அடையாளம், காட்டும் பெயர், சொடுக்கினால் போகும் முகவரி. சர்வர் இவற்றைப் பார்த்து, தட்டையாக வரும் ஸ்பார்க்கிள் வரிசைகளை அடுக்கான பொருளாக மாற்றிக்கொள்கிறது. நான் முதல் வாரம் ஒற்றை அடிக்கோடு போட்டுவிட்டு, பட்டியல் ஏன் வெறுமையாக வருகிறது என்று இரண்டு நாள் தேடினேன். பிழைச்செய்தி எதுவும் வராது. நெடுவரிசை வெறுமையாக இருந்தால் முதலில் அடிக்கோட்டை எண்ணுங்கள்.

ஒவ்வொரு வினவலையும் தளத்துக்குள் ஓட்டிப் பார்க்காதீர்கள். யாஸ்குயி என்ற வினவல் பலகையில் தனியே ஓட்டி, விடை சரி என்று கண்டபின் கோப்பில் ஒட்டுங்கள்.

கடைசியாகத் தனிப்பக்கங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம். வஞ்சிரத்தின் பக்கத்தில் அதைக் குறிக்கும் எல்லாப் பெயர்களும் ஊரோடு வர வேண்டும். 'சீலா' என்ற எழுத்தைத் தேடினால் இரண்டு பதிவும் அடுத்தடுத்து, ஊரின் பெயரோடு நிற்க வேண்டும். இடைமுகத்தின் எல்லாச் சொற்களையும் தமிழாக்கத் தனி மொழிக்கோப்பு இருக்கிறது. அங்கே அகராதித் தமிழை நிரப்பாதீர்கள். 'வடிகட்டியை நீக்கு' என்பது எல்லாருக்கும் புரிகிறது. அதைவிடக் கடினமாக ஒன்று வேண்டாம்.

ஆறாம் படி: தமிழ் எழுத்து தரும் மூன்று தலைவலிகள்

வெளிநாட்டில் உருவான கருவிகளில் இவை சோதிக்கப்பட்டிருக்காது. நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, ஒரே எழுத்து இரண்டு விதமாகப் பதிவாவது. 'தொண்டி' என்று திரையில் தெரியும் சொல்லின் முதல் எழுத்து, 'த'வும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகளாக இருக்கலாம். அல்லது 'த', ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. தொண்டியைத் தேடினால் தொண்டி கிடைக்காது. யுனிகோடின் என்எஃப்சி என்ற சீராக்கம் இரண்டையும் ஒரே வடிவமாக்கும். தரவை ஏற்றும் நிரலில் ஒருமுறை, தேடல் பெட்டியில் தட்டும் சொல்லுக்கு ஒருமுறை என இரண்டு இடத்திலும் சீராக்குங்கள். ஒன்றில் மட்டும் செய்தால் பயனில்லை. அச்சகங்களில் வாங்கிய பழைய கோப்புகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். அவற்றை யுனிகோடுக்கு மாற்றிய பின் ஒருவர் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். ஔகாரக் குறிக்குப் பதிலாக 'ள' வந்து நிற்பது அடிக்கடி நேரும்.

இரண்டாவது, அகரவரிசை. யுனிகோடில் ன என்ற எழுத்து நகரத்தை அடுத்து நிற்கிறது. நம் வரிசையில் அது கடைசி. ஆகவே கணினி 'மனோலி'யை 'மரிக்கொழுந்து'க்கு முன்னால் வைக்கும். புள்ளி வைத்த எழுத்தையும் அது கடைசியில் தள்ளுகிறது: 'கடலாமை' முன்னால் வரும், 'கடல் அட்டை' பின்னால் போகும். உலாவியில் தமிழ் வரிசை தெரிந்த ஒப்பீட்டு வசதி இருக்கிறதே என்று தோன்றும். அது உதவாது. விடைகள் பக்கம் பக்கமாக வருவதால் வரிசைப்படுத்தல் சர்வரிலேயே முடிந்துவிடுகிறது; உலாவி அடுக்குவது கையிலிருக்கும் ஒரு பக்கத்தை மட்டும். நாங்கள் செய்தது: தரவை ஏற்றும்போதே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரிசைச் சாவியைக் கணக்கிட்டு இன்னொரு மும்மையாகச் சேர்த்தோம். எழுத்துக்கு எழுத்து அதன் தமிழ் வரிசை எண், இரண்டிரண்டு இலக்கமாக. உயிர்மெய்யை மெய்யாகவும் உயிராகவும் பிரித்துக்கொண்டால் சாவி எளிதாகிறது. வினவல் அந்தச் சாவியை வைத்து வரிசைப்படுத்தும். எந்தக் கிடங்குக்கு மாறினாலும் இது வேலை செய்யும்.

மூன்றாவது, வேற்றுமை உருபு. 'பாம்பனில்', 'பாம்பனுக்கு' என்று தேடுவோர் உண்டு. லூசீனில் தமிழுக்கான சொல்பகுப்பி இருக்கிறது. பேட்டிக் குறிப்புகள் போன்ற நீண்ட உரைக்கு அதைப் பயன்படுத்துங்கள். பெயர்ப் புலங்களில் வேண்டாம், பெயரின் வாலையும் வெட்டிவிடும்.

ஏழாம் படி: வரைபடம்

பாம்பன் ஏறத்தாழ வடக்கு அட்சரேகை 9.28, கிழக்குத் தீர்க்கரேகை 79.2. இடத்தரவை எழுதும் ஜியோஜேசான் வடிவம் முதலில் தீர்க்கரேகையை எதிர்பார்க்கும். லீஃப்லெட் வரைபட நூலகம் முதலில் அட்சரேகையை எதிர்பார்க்கும். இடம் மாறினால் என்னவாகும்? எங்களுக்கு ஆனது இது: வரைபடத்தில் மன்னார் வளைகுடா வெறுமையாக இருந்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தும் ஒரு புள்ளியும் இல்லை. உலகம் முழுவதும் தெரியும்படி சுருக்கியபோது, எங்கள் ஊர்கள் எல்லாம் ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே கொத்தாகக் கிடந்தன. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் தரவில் தனித்தனிப் பண்பாகப் பெயரிட்டு வையுங்கள். அட்சரேகை 8-க்கும் 14-க்கும் இடையில் இல்லாவிட்டால் ஏற்ற மறுக்கும் ஒரு வரியை நிரலில் சேர்த்துவிடுங்கள்.

எட்டாம் படி: எதைக் காட்டக் கூடாது

இதை அமைவுக் கோப்பு உங்களிடம் கேட்காது. மீனவர்கள் கடலுக்கடியில் உள்ள பார்களுக்கு, அதாவது பாறைத் திட்டுகளுக்கு, பெயர் வைத்திருக்கிறார்கள். கரையில் தெரியும் கோபுரத்தையும் மரத்தையும் நேர்கோட்டில் வைத்து இடம் பிடிப்பார்கள். அந்த அறிவு ஒரு குடும்பத்தின் வயிற்றுப்பாடு. பெயரைச் சொல்ல அவர்கள் சம்மதித்தால் பெயரை மட்டும் பதியுங்கள்; இருப்பிடத்தைப் பதிய வேண்டாம். கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிடிக்கத் தடை செய்யப்பட்டது. அது அதிகம் காணப்படும் இடங்களைப் புள்ளி வைத்துக் காட்டினால் திருட்டுத்தனமாகப் பிடிப்பவருக்கு நாம் வழிகாட்டியவர்களாவோம்.

இருப்பிடத்தைத் திரையில் மட்டும் மறைப்பது போதாது. வினவல் முனை திறந்திருக்கிறது. அங்கே கேட்டால் எல்லாம் கொட்டும். வெளியிடக் கூடாதது கிடங்குக்குள்ளேயே போகக் கூடாது. இரண்டு தனிக் கோப்புறைகள் வைத்திருக்கிறோம், சர்வருக்குப் போவது ஒன்று மட்டும். பெயர் சொன்னவரின் பெயரையும் ஊர் அளவில் நிறுத்திவிடுகிறோம், அவரே தன் பெயர் வர வேண்டும் என்று கேட்டாலன்றி.

ஒன்பதாம் படி: கரையில் சோதனை

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும். படகு உரிமையாளர்களான சம்மாட்டிகளும் கூலிக்குப் போகிறவர்களும் வலை பொத்திக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். சோதனைக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. மடிக்கணினியைக் கொண்டுபோகாதீர்கள். அவர்கள் கையிலிருக்கும் கைப்பேசியிலேயே திறக்கச் சொல்லுங்கள். ரியாக்ட் தளங்களின் முதல் ஏற்றம் கனமானது. வெயிலில், சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் அது எத்தனை நேரம் எடுக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். எங்களுடையது மூச்சுமுட்டியது. வரைபடத்தை முதல் தாவலிலிருந்து எடுத்துப் பட்டியலை முதலில் வைத்தோம், படங்களைச் சிறிதாக்கினோம். இவை இரண்டுமே அமைவுக் கோப்பில் செய்த மாற்றங்கள்தான்.

எப்படித் தேடுவது என்று சொல்லிக்கொடுக்காமல், எதைத் தேட வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். பாசி எடுக்கும் அக்கா ஒருவர் 'கஞ்சிப்பாசி' என்று தட்டிவிட்டு, விடை வந்த பிறகும் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "இது எந்த மாதத்தில் கிடைக்கும் என்று போடவில்லையே" என்றார். எங்கள் நோட்டில் அந்தக் கேள்வி இல்லை. மாதத்தைத் தமிழ் மாதமாக, சித்திரை முதல் பங்குனி வரை ஒரு பட்டியல் வடிகட்டியாகச் சேர்த்தோம்: தரவில் ஒரு பண்பு, வினவலில் இரண்டு வரி, அமைவுக் கோப்பில் ஒரு துண்டு. மறுநாள் பிற்பகல் அதே நிழலில் அவரிடமே திறந்து காட்டினோம். அவர் மாதங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, ஐப்பசியில் ஒரு பாசி விட்டுப்போயிருக்கிறது என்றார். நண்பர் நோட்டை எடுத்தார்.